கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது?

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கே அனைவரும் நலம். சிங்கப்பூரில் சாரம் கட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றாய். "பெல்ட் போட்டிருக்கேன்பா" என்றால் போதாது. அந்தப் பாதுகாப்பு பெல்ட்டின் கயிற்று நுனியில் இருக்கிற கொக்கியை எங்கே மாட்டியிருக்கிறாய்?

காலடிக் குழாயில் மாட்டினால் கணக்கு இப்படி. கயிறு கட்டியிருக்கிற முதுகு வளையம் பாதத்திலிருந்து ஒன்றரை மீட்டர், கயிறு 2 மீட்டர். கயிறு இறுகுவதற்குள்ளேயே மூன்றரை மீட்டர் விழுந்திருப்பாய். அப்புறம் கயிற்றில் இருக்கிற அதிர்ச்சி தாங்கும் பை பிரிந்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை இறக்கும். 5 மீட்டர் உயரத்தில் நிற்பவனைக் கயிறு பிடிப்பதற்குள் தரை பிடித்துவிடும். தலைக்கு மேல் மாட்டு. அந்தக் குழாயைப் பிணைக்கிற கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று முதலில் ஆட்டிப் பார். சாரத்தில் நிற்கிற தட்டு மாறும்போது இரண்டாவது கொக்கி மாட்டிய பிறகே முதலாவதைக் கழற்று; ஆள் நழுவினால் பிடிக்க எதுவும் இல்லாதது அந்த இடைவெளியில்தான்.

தளத்தில் கிடக்கிற பிளைவுட்டை யோசிக்காமல் தூக்காதே. அடியில் ஓட்டை இருக்கலாம். பலகையை முன்னால் பிடித்துக்கொண்டு எடுத்துவைக்கிற முதல் அடியே அதற்குள் போகும். மூடியவர்கள் ஆணி அடித்து, மேலே எழுதியிருக்க வேண்டும். பல இடத்தில் இரண்டும் இருக்காது.

யாராவது பெல்ட்டில் தொங்கினால் உடனே இறக்குங்கள். அசையாமல் தொங்குகிறவனுக்கு ரத்தம் காலிலேயே தேங்கும். சில நிமிடங்களில் மயங்கிவிடலாம். தொங்குகிறவன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும்.

3 மீட்டரிலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். விழுந்தவனைத் தூக்கி உட்காரவைக்கவோ லாரியில் ஏற்றவோ கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள். நின்றபடி விழுந்து குதிகால் எலும்பு உடைந்தவனுக்கு முதுகெலும்பும் நசுங்கியிருக்கலாம். கால்வலி பெரிதாக இருப்பதால் முதுகுவலியை அவன் சொல்லவே மாட்டான். ஆஸ்பத்திரியில் முதுகையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று எந்த சூப்பர்வைசர் சொன்னாலும் தலையாட்டாதே. வேலையில் பட்ட அடிக்கு, தவறு உன்னுடையதே ஆனாலும், வைத்தியச் செலவும் விடுப்புச் சம்பளமும் முதலாளி தரவேண்டும். அங்கே சட்டம் அப்படி. விடுப்பு நீண்டால் முழுச் சம்பளம் மூன்றில் இரண்டாகக் குறையும். இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு கெடு. டாக்டர் சீட்டு, சம்பளச் சீட்டு, விழுந்த இடம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அன்றைக்கே எனக்கு அனுப்பிவிடு.

அப்பா