ஒரு பையில் எத்தனை கைகள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் ஐந்தாம் பக்கப் படத்தை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினேன். பெரியவர்கள் ஒன்பது பேர். பிள்ளைகள் ஆறு பேர். நடுவில் ஒரு புத்தகப்பை. அந்த ஒரு பையை நான்கு பெரியவர்கள் பிடித்திருக்கிறார்கள். வாங்குகிற பையனின் கையைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். ஒன்பது பேரும் கமராவைப் பார்க்கிறார்கள். அவன் தன் சப்பாத்தைப் பார்க்கிறான்.

படத்தையாவது பொறுத்திருப்பேன். "வறுமைக்கோட்டின் கீழ் வாழும் மாணவர்களுக்குக் கற்றல் உபகரணங்கள் வழங்கிவைக்கப்பட்டன. இந்நிகழ்வு மாணவர்களிடையே அன்பையும் ஒற்றுமையையும் வளர்த்தது" என்று கீழே எழுதியிருந்தீர்கள். வளர்த்த விதத்தை உங்கள் செய்தியாளர் திங்கட்கிழமை வந்து பார்த்திருக்கலாம். அந்தப் பையன் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை. இடைவேளை மணி அடிப்பதற்குள் வகுப்பில் அவனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது: "உபகரணம்". செவ்வாயும் புதனும் வயிற்றுக்குத்து என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். அவனுடைய அம்மம்மா எங்கள் படலையில் நின்று, "ரீச்சர், பையைத் திருப்பிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தவள் நான். விருந்தினர் வருவார் என்று காலை எட்டு மணிக்கே மாலையும் கையுமாகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அவர் பத்தரைக்கு வந்து, நேரத்தின் அருமை பற்றிப் பேசியதையும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். அதற்குப் படம் வரவில்லை. சீசன் டிக்கெட் பிள்ளைகளைக் கண்டால் நிறுத்தாமல் போகும் பஸ்கள் பற்றி நான்கு வருடங்களுக்கு முன் இதே பகுதிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, கொக்குவிலைக் கோண்டாவில் ஆக்கிப் போட்டீர்கள். பஸ் இன்னமும் நிற்பதில்லை.

அன்பு எப்படி வளரும் என்று கேட்டால் 1995ஐத்தான் சொல்லுவேன். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரில் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் ஒரு சிறிய பாடசாலையில் எங்களுக்கு இடம் தந்தார்கள். காலையில் அவர்களுடைய பிள்ளைகள், பின்னேரம் எங்களுடைய பிள்ளைகள். ஒரே வாங்கு, ஒரே மேசை, ஆனால் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. இரண்டாம் கிழமையோ என்னவோ, என் வகுப்புப் பையன் ஒருவன் மேசைக்குள்ளே கையை விட்டு ஒரு கடதாசித் துண்டை எடுத்தான். பிள்ளைக் கையெழுத்து. "பள்ளிக்கூடக் கிணறு உப்பு. முன்வீட்டுக் கிணற்றில் குடியுங்கள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்." அவ்வளவுதான். பேர் இல்லை.

போனோம். அந்த வீட்டு அம்மா துலாவடியில் ஒரு வாளியும், விளிம்பு நெளிந்த செம்பும் வைத்திருந்தார். ஊர், பகுதி, யாருடைய பிள்ளை என்று ஒன்றும் கேட்கவில்லை. (எங்கள் ஊர்க் கிணறுகளில் அந்தக் கேள்விகள் எவ்வளவு காலம் கேட்கப்பட்டன என்பதை நீங்களும் அறிவீர்கள், எழுதத்தான் மாட்டீர்கள்.) மறுநாள் என் பையன் ஒரு கொய்யாப்பழத்தை மேசைக்குள் வைத்துவிட்டு வந்தான். அடுத்த நாள் அந்த இடத்தில் பாதியாக வெட்டிச் சீவிய பென்சில் கிடந்தது. பென்சிலுக்கும் பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த காலத்தில் அரைப் பென்சில் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த வருடம் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பும்வரை அந்த மேசைப் போக்குவரத்து நிற்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை, பதாகை கட்டவில்லை, நன்றியுரை ஆற்றவில்லை.

மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் நட்ட எங்கள் பாட்டன்மாரும் மாட்டின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

அரசாங்கத்தைப் புகழ்வது என் வழக்கமில்லை. ஆனாலும் 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகத் தருகிறார்கள். வைத்தியரின் பிள்ளைக்கும் கூலிக்காரரின் பிள்ளைக்கும் ஒரே புத்தகம். அதை வாங்கும்போது எந்தப் பிள்ளையும் தலை குனிந்ததை நான் கண்டதில்லை. எல்லோருக்கும் கொடுப்பதில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

இப்படியான பைகளுக்குக் காசு அனுப்பும், வெளிநாட்டில் உள்ளவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பனிக்குள் நின்று உழைத்த காசு. மகளின் பிறந்தநாளுக்கு ஊர்ப் பிள்ளைகளை நினைக்கிறார்களே, அது பெரிய மனம். காசு போய்ச் சேர்ந்ததா என்று அறிய விரும்புவதும் நியாயம். அதற்குத்தான் பற்றுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. பிள்ளையின் முகம் பற்றுச்சீட்டு அல்ல.

பையனின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பத்திரிகைக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவனுக்குக் கொடுத்த கொப்பிகளின் அட்டையில் அன்பளிப்புச் செய்தவரின் படம் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை அவனை அம்மம்மா இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து மேசைப் பிள்ளை ஒருத்தி அன்று ஒரு கட்டுப் பழைய பத்திரிகையும் ஒரு போத்தல் பசையும் கொண்டுவந்திருந்தாளாம். முதலில் தன் கொப்பிகளுக்கு உறை போட்டாள், பிறகு அவனுடைய கொப்பிகளுக்கு. இன்னொரு பிள்ளை தனக்கும் ஒரு தாள் கேட்டது. பள்ளிக்கூடம் விடுவதற்குள் வகுப்பு முழுவதற்கும் உறை போட்டாகிவிட்டது. எது யாருடைய கொப்பி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஏன் என்று வகுப்பாசிரியை கேட்டதற்கு, "மழை வரப்போகிறது ரீச்சர், கொப்பி நனைந்துவிடும்" என்றாளாம். பத்திரிகைத் தாள் எந்த மழையைத் தாங்கும்? அது அவளுக்கும் தெரியும், ஆசிரியைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து அவனை அவனுடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்படியான செய்திகளில் பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள், "வறிய" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். பக்கம் நிரம்பவில்லை என்றால் பையை மட்டும் போடுங்கள். பைக்கு வெட்கம் கிடையாது. கொடுத்தவர்களின் முகங்களைத் தாராளமாகப் போடலாம். அவர்களுக்கும் ஆட்சேபனை இருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் வெட்டத்தான் போகிறீர்கள். வெட்டுங்கள். ஊரையாவது சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.