தல்மூத் கதையின் பிற்பாதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யூத சமயச் சட்டம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் 'பாவா மெட்சியா' பகுதியில் வரும் அக்நாய் அடுப்புக் கதை, அற்புதங்களைப் பகுத்தறிவு வென்றதற்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. கதையைப் பாதியில் நிறுத்தினால்தான் அப்பொருள் கிடைக்கும் என்பதால் எழுதுகிறேன்.

துண்டுகளாக வெட்டி, இடையில் மணலிட்டுக் கட்டிய அடுப்புக்குத் தீட்டு உண்டா என்பதே வழக்கு. உண்டு என்கிறார்கள் மற்ற ரபிகள், அதாவது யூதச் சமய அறிஞர்கள். இல்லை என்ற ரபி எலியேசருக்குச் சாட்சியாகக் கரோப் மரம் பெயர்ந்து நகர்கிறது, நீரோடை திரும்பி ஓடுகிறது, கல்விக்கூடச் சுவர்கள் சாய்கின்றன, வானிலிருந்தும் குரல் எழுகிறது. ரபி யோசுவாவோ எழுந்து நின்று, "அது வானத்தில் இல்லை" என்று உபாகமம் 30ஆம் அதிகாரத்தின் சொல்லையே எடுத்துரைக்கிறார். தோரா என்னும் வேதச் சட்டம் சீனாய் மலையிலேயே தரப்பட்டுவிட்டதால் இனிப் பெரும்பான்மையோர் தீர்ப்பே செல்லும் என்கிறார் பிற்காலத்து ரபி எரேமியா. அவர் ஆதாரம் காட்டும் யாத்திராகமம் 23:2, தீமை செய்யத் திரளானவர்களைப் பின்பற்றாதே என்று தொடங்கும் வசனம்; அதன் இறுதிச் சொற்களை மட்டும் எடுத்து, பெரும்பான்மையைப் பின்பற்று என்று அவர் வாசிக்கிறார். பெரும்பான்மைக்கு அதிகாரம் தரும் விதியே அவ்வளவு துணிவான வாசிப்பில் பிறந்தது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். "என் பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள்" என்று கடவுள் சிரிப்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது.

தல்மூத் அங்கே முடிக்கவில்லை. தூயவை என்று எலியேசர் தீர்த்திருந்த பொருள்களை அன்றே கொண்டுவந்து எரித்து, அவரையும் விலக்கி வைக்கிறார்கள். தகாதவர் யாரேனும் போய்ச் சொல்லிவிடக் கூடாது என்று அஞ்சிய ரபி அகிவா, கறுப்பு உடுத்திச் சென்று, நான்கு முழம் தள்ளி அமர்ந்து, "தோழர்கள் தங்களை விட்டு விலகியிருப்பதாகத் தோன்றுகிறது" என்று மட்டும் சொல்கிறார். எலியேசர் தரையில் அமர்ந்து கண்ணீர் விடுகிறார். பின்னொரு நாள் அவர் முகங்குப்புற விழுந்து மன்றாட, விலக்கிய சபையின் தலைவரும் எலியேசருடைய மனைவியின் உடன்பிறந்தவருமான ரபன் கமாலியேல் இறந்துபோகிறார். மற்ற வாசல்கள் எல்லாம் அடைபட்டாலும் மனம் புண்பட்டவரின் முறையீடு செல்லும் வாசல் அடைபடாது என்று தம் பாட்டனார் வீட்டில் கேட்டதை, அந்த மனைவி இம்மா ஷாலோமே கணவரிடம் சொல்கிறார்.

இக்கதை நீதிமன்றங்களைப் பற்றிய 'சன்ஹெத்ரின்' பகுதியில் இல்லை. வாங்கும் எண்ணமின்றிக் கடைக்காரரிடம் விலை கேட்காதே, மனந்திரும்பியவருக்குப் பழைய செயல்களை நினைவூட்டாதே என்று சொல்லால் புண்படுத்துவதைத் தடுக்கும் மிஷ்னாவின் (தல்மூத் விளக்கும் மூலச் சட்டத் தொகுப்பின்) விளக்கமாகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. கட்டுரையின் அடுத்த பகுதியிலேனும் இப்பிற்பாதியை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்