கொடுங்கோலன் என்று எழுதுமுன்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதும், மொழிபெயர்க்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். பழைய கிரேக்கத்தைப் பற்றி எழுதும்போது, முறையின்றி ஆட்சியைப் பிடித்தவனைக் குறித்த 'டைரனோஸ்' என்ற கிரேக்கச் சொல் வரும் இடமெல்லாம் 'கொடுங்கோலன்' என்று போட்டுவிடுகிறீர்கள். அதில்தான் எனக்கு வழக்கு.

கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். முறையாகப் பட்டத்துக்கு வந்தவனும் அதை வளைக்கலாம். எப்படி ஆண்டான் என்பதைச் சொல்லும் சொல் அது. கிரேக்கச் சொல்லோ, தொடக்க காலத்திலாவது, எப்படி ஆட்சிக்கு வந்தான் என்பதைத்தான் சொன்னது. பிளேட்டோ காலத்துக்குள் அதுவும் வசைச்சொல்லாகிவிட்டது, அது வேறு கதை.

ஏதென்ஸின் பெய்சிஸ்டிராடஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு, எதிரிகள் தாக்கிவிட்டார்கள் என்று சொல்லி, மக்களிடமே தடிக்காரர்களைக் காவலுக்குக் கேட்டு வாங்கினான். அவர்களை வைத்தே கோட்டையைப் பிடித்தான். துரத்தினார்கள். அடுத்த முறை, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் போர்க்கோலம் பூட்டித் தேரில் ஏற்றி, அதீனா தெய்வமே தன்னை அழைத்து வருவதாக ஊருக்குள் நுழைந்தான். (இதையும் நம்பினார்களே என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.) மறுபடியும் போக வேண்டியதாயிற்று. கி.மு. 546 வாக்கில் கூலிப்படையோடு வந்தவன், 527இல் சாகும்வரை இறங்கவே இல்லை.

சரி, ஆண்டது எப்படி? அவனுக்கு முன் ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலனின் சட்டங்களைப் பெரும்பாலும் தொடாமல் விட்டான். ஏழை உழவர்களுக்குக் கடன் கொடுத்தான். ஊர் ஊராக நீதிபதிகளை அனுப்பினான். ஹைமெட்டஸ் மலைப்பக்கம் வெறும் கல்லைக் கொத்திக்கொண்டிருந்த ஒருவனிடம், இதில் என்ன விளைகிறது என்று ஆள்விட்டுக் கேட்டானாம். "வலியும் வேதனையும்தான். அதிலும் பத்தில் ஒரு பங்கைப் பெய்சிஸ்டிராடஸ் எடுத்துக்கொள்ளட்டும்" என்று பதில் வந்தது. அவனுக்கு வரியே வேண்டாம் என்று விட்டுவிட்டதாக, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல் சொல்கிறது.

நல்லவன் என்று சான்றிதழ் கொடுக்கச் சொல்லவில்லை. குடிமக்களின் ஆயுதங்களைப் பறித்தவன், எதிராளிகளின் பிள்ளைகளை நக்சோஸ் தீவில் பிணையாக வைத்தவன். ஆனால் இவனைக் கொடுங்கோலன் என்று எழுதினால், மாணவன் தேர்வில் 'மக்களை வதைத்தான்' என்றுதான் எழுதுவான். 'முறையின்றி ஆட்சியைப் பிடித்தவன்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் டைரனோஸ் என்றே போட்டு ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

அப்புறம், மகன் ஹிப்பியாஸ். 514இல் தம்பி கொலையுண்ட பிறகு பலரைக் கொன்றான். 510இல் விரட்டப்பட்டான். இருபது ஆண்டு கழித்து, பாரசீகப் படைக்கு வழிகாட்டிக்கொண்டு ஏதென்ஸுக்குப் பக்கத்து மாரத்தான் கரையில் வந்து இறங்கினான். அவனைத் தாராளமாகக் கொடுங்கோலன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒருவன்