அடுப்புகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

பினாங்கு மாநகர் மன்றத்தின் மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடுகளின் முகப்பையும் ஓட்டுக்கூரையையும் சன்னலையும் ஐந்தடி நடைபாதையையும் எப்படிப் பேண வேண்டும் என்பதற்கு விதிகள் வந்துவிட்டன. அந்தச் சுவர்களுக்குள் யார் அடுப்பு மூட்டினார்கள், யாருக்குச் சோறு போட்டார்கள் என்பதையும் கதவிலக்க வாரியாகப் பதிந்து வைக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

லெபோ பாசார் தெருப் பக்கம் உள்ள ஒரு கடைவீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய குடியிருப்பாளருக்குச் சங்கடம் வேண்டாம் என்று கதவிலக்கத்தைத் தவிர்க்கிறேன். பெரியவர்கள் சொல்லக் கேட்டபடி, துறைமுகத் தொழிலாளர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் மாதக் கணக்கில் சாப்பாடு போட்ட மெஸ் ஒன்று அங்கே நடந்தது. 1969இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து, சரக்கு வேலையும் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தபோது, கணக்கில் சாப்பிட்டவர்கள் குறைந்தார்கள். அந்த இடத்துக்குச் சோற்றில் பலவகைக் கறிக்குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வந்தது. 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999 டிசம்பரோடு முடிந்தது. புது வாடகை அக்கடைக்குக் கட்டுப்படியாகவில்லை. சில காலம் கைப்பேசிகள் விற்றார்கள். இப்போது சுற்றுப்பயணிகளுக்கான கஃபே. அதன்மேல் எனக்கு மனக்குறை இல்லை. காப்பி நன்றாகத்தான் இருக்கிறது, விலைதான் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

ஆனால் அதன் பின்கட்டில், மெஸ் காலத்து ஆட்டுக்கல் பதித்திருந்த வட்டக் குழி இன்னும் இருக்கிறது. மாவரைத்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, அதன் ஒருபக்கத்துத் தரை மட்டும் வழுவழுப்பாகிப் பள்ளம் விழுந்திருக்கிறது. குழிக்குள் ஒரு பூந்தொட்டியை இறக்கி வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று கேட்ட பயணிக்குச் சொல்லப் பணியாளருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை.

உணவுக்கடை உரிமக் கோப்புகளும் மதிப்பீட்டு வரிக் கணக்குகளும் உங்கள் பொறுப்பில் உள்ளவை. அவற்றிலிருந்து ஒவ்வொரு முகவரிக்கும் கடைகளின் வரிசையைத் தொகுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. புதுப்பிப்புக்கு விண்ணப்பம் வரும்போது, சமையற்கட்டின் தரை, புகைக்கூண்டு, கல்லா இருந்த இடம் ஆகியவற்றைப் படமெடுத்துக் கோப்பில் சேர்க்கும்படி கேட்கலாம். தொகுத்ததை மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் வெளியிட வேண்டும். அந்த அடுப்புகளில் பலவற்றை மூட்டியவர்கள் தமிழர்கள்.

எங்கள் வட்டாரத்தில் சில குடும்பங்கள் பழைய சாப்பாட்டுக் கணக்குப் புத்தகங்களை இன்னும் வைத்திருக்கின்றன. கேட்டால் நகலெடுக்கத் தருவார்கள். அவற்றின் சுருக்கக் குறிகளைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர்கள் முதியவர்கள் மட்டுமே என்பதால், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலேயே இப்பணிக்கு நிதி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியா வட்டாரவாசி ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு