மயக்கவியல் மருத்துவர் சங்கக் கிளை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, பயிற்சி மருத்துவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களில் தலைப்புக்குத் தலைப்பு தாவாமல், ஆண்டு முழுக்க ஒரே விஷயத்தை எடுத்துப் பேசலாம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அறுவையின்போது கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் நின்று, மறுபடி பாயும்போது ஏற்படும் சேதத்தைச் செயற்குழு தேர்ந்தெடுத்தது. "நம்ம ஊர்ல யார் சார் கல்லீரலை வெட்டுறாங்க?" என்று ஒரு மூத்த உறுப்பினர் அப்போதே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் லாரி மோதி கல்லீரல் கிழிந்தவர், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊராகப் பார்த்து அடிபடுவதில்லை.

1908ல் கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள் எழுதியதும் அப்படி அடிபட்டு வந்தவர்களைப் பற்றித்தான். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையையும் கல்லீரல் தமனியையும் ஒருசேர அழுத்திப் பிடித்து ரத்தப்போக்கை நிறுத்தும் அவருடைய வழி, இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதை அடைத்தால் செல்களின் எரிபொருளான ஏ.டி.பி. தீர்ந்து அமிலம் சேர்கிறது. அழுத்திப் பிடித்த கவ்வியை, அதாவது கிளாம்ப்பை, எடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். அங்கேதான் வினை. திரும்பி வரும் ஆக்சிஜன் நச்சு மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது, கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் கொந்தளிக்கின்றன, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, நுண்குழாய்கள் அடைபடுகின்றன. கொழுப்பு படிந்த கல்லீரல் இதை இன்னும் குறைவாகத்தான் தாங்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று வராத ஆளைத் தேட வேண்டியிருக்கும் காலத்தில், இது நம் எல்லோருக்கும் ஆன சங்கதி.

அதிகம் சத்தம் கேட்டது மயக்க மருந்தைப் பற்றிய கூட்டத்தில். இதயத்துக்குச் சிறு சிறு இடைவெளிகளில் ரத்தத்தை நிறுத்திப் பழக்கினால், பின்னால் வரும் பெரிய அடைப்பை அது தாங்குகிறது என்று 1986ல் நாய்களில் காட்டினார்கள். ஜூரிக்கில் 2003ல் அதையே கல்லீரலில் செய்தார்கள்: பத்து நிமிடம் அடைப்பு, பத்து நிமிடம் திறப்பு, அப்புறம் அறுவைக்கான நீண்ட அடைப்பு. அதே ஊரில் 2008ல், அந்தப் பழக்கத்தை மருந்தாலேயே தர முடியுமா என்று, கிளாம்ப்புக்கு முன் அரை மணி நேரம் ஊசி மயக்க மருந்தான ப்ரோபோஃபாலை நிறுத்திவிட்டு, மூச்சில் கொடுக்கும் செவோஃப்ளுரேன் கொடுத்துப் பார்த்தார்கள். 64 நோயாளிகள். செவோ கொடுத்தவர்களுக்குக் கல்லீரல் சேதத்தைக் காட்டும் என்சைம்கள் குறைவாகவே ஏறின, சிக்கல்களும் குறைந்தன. இளைய உறுப்பினர்கள் உடனே செவோ கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் 2015ல் கல்லீரல் மாற்று அறுவையில் இரண்டையும் ஒப்பிட்டபோது சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. என் கருத்து கேட்டால், செவோ தாராளமாகக் கொடுக்கலாம். அதை நம்பி, கிளாம்ப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்க்க மறப்பதுதான் ஆபத்து. அந்த என்சைம்களில் ஒன்றான எஸ்.ஜி.ஓ.டி. இறங்குவது வேறு, நோயாளி நலமாக வீடு திரும்புவது வேறு.

அறுவை மருத்துவர்களையும் அழைத்து நடத்திய ஒத்திகைதான் இந்த ஆண்டின் உருப்படியான வேலை. பதினைந்து நிமிடம் கிளாம்ப், ஐந்து நிமிடம் திறப்பு என்ற கணக்கில் டெக்னீஷியன் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு நின்று பத்தாவது நிமிடத்தில் ஒரு தடவை, பதினைந்தில் ஒரு தடவை குரல் கொடுத்தார். ஈரலை வெட்டி முடிக்கும் வரை டிரிப்பை இறுக்கிப் பிடித்து இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரைகளின் அழுத்தமான சி.வி.பி.யை ஐந்துக்குள் வைக்க வேண்டும், ரத்த இழப்பு குறையும். ஆனால் திறந்த சிரை காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்பதால் மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அளவு திடீரென்று விழுகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்க வேண்டும். கிளாம்ப்பை எடுத்ததும் பிரஷர் சரியலாம், அமிலமும் பொட்டாசியமும் ஏறலாம். பிரஷரைத் தூக்கும் நாராட்ரினலின் பம்ப்பில் தயாராக, பொட்டாசியத்திலிருந்து இதயத்தைக் காக்கும் கால்சியம் சிரிஞ்சில் ஏற்றியபடி இருப்பது நம் வேலை. இதில் நாம் அறுவை மருத்துவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எடுத்தாச்சு" என்று சொல்வதற்குப் பதில், இரண்டு நிமிடம் முன்னால் "எடுக்கப் போறேன்" என்று சொல்லுங்கள். ஒரு சீனியர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

தானமாகப் பெறும் கல்லீரலை ஐஸில் வைப்பதற்குப் பதிலாக, ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தை எந்திரத்தால் அதனுள் ஓடவிடும் முறையைப் பற்றியும் ஒரு உரை நடந்தது. விலையைக் கேட்டதும் கேள்விகள் நின்றுவிட்டன.

அக்டோபர் 16, உலக மயக்கவியல் நாளன்று, வழக்கம்போல் பேருந்து நிலையத்தில் நின்ற இதயத்தை மார்பை அழுத்தி மீட்கும் இதய உயிர்ப்பு முறையைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஒத்திகையில் பேசியவற்றை ஒரு பக்க அட்டையாக்கி, லேமினேட் செய்து ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் மாட்டச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மாதிரி அட்டை உங்கள் கையில் இருக்கிறது. திருத்தங்களை மதிய உணவுக்கு முன் என்னிடம் கொடுங்கள், ஒப்புதலைப் பிற்பகல் அமர்வில் கோருகிறேன். அச்சுச் செலவு சந்தாவிலிருந்துதான் போக வேண்டும், ஆகவே பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இவண்,
செயலாளர்