விராலுக்கு ரப்பர் தவளை வீசுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் தருமபுரி இளைஞர் ஒருவர் தம் மனக்குறையை எழுதியிருந்தார். அமெரிக்க ‘பாஸ்’ மீன்பிடிப்புக் காணொளிகளைப் பார்த்து, அதற்கான லூர்களை (செயற்கை இரைகளை) வாங்கிக்கொண்டு மூன்று மாதமாக ஏரி ஏரியாகச் சுற்றியும் ஒரு விரால்கூடச் சிக்கவில்லை என்றும், இந்தச் செயற்கை இரையெல்லாம் நம் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவராது, இனி உயிர்த் தவளையைக் கோத்துப் போடுவதே வழி என்றும் அவர் முடித்திருந்தார். காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையில் வளர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில் போட்டு, அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளாக உயிர்த் தவளையைத் தொடாமலேயே விரால் பிடித்துவருகிறவன் என்ற முறையில் அவருக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் வாங்கிய சாமான்களில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்கர் பாஸ் என்று சொல்லும் பெருவாய் மீனும் நம் விராலும் உறவில்லாத இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. (நம் கடற்கரைக் கடைகளில் சீபாஸ் என்று எழுதி விற்கும் கொடுவா இவை இரண்டிலிருந்தும் வேறானது.) ஆனால் இரண்டின் வேட்டை முறையும் ஒன்றுதான். இரையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போகாமல், பாசிக்கு அடியிலோ மூழ்கிய கட்டையின் ஓரத்திலோ ஒதுங்கி நின்று, எட்டும் தூரத்துக்கு இரை வந்ததும் ஒரே பாய்ச்சலில் வாரி விழுங்குவது இரண்டுக்கும் இயல்பு. பாஸுக்குச் செய்த தவளை லூர் விராலுக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம். பொருந்தாதது காணொளியில் பார்த்த கைப்பழக்கம்.

விராலிடம் பாஸுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. செவுள் இருந்தாலும் வளர்ந்த விராலுக்கு அது போதாது; அவ்வப்போது மேலே வந்து காற்றை வாங்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே அது இருக்குமிடத்தை அதுவே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. கரைக்கு வந்ததும் கம்பை ஓங்காமல், கால் மணி நேரம் சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள். ஜிலேபி மீன் துள்ளினால் நீர் சிதறும்; விரால் மூச்சு வாங்கினால் ‘ப்ளக்’ என்று ஓர் ஓசையும், உருண்டையான ஒரு வளையமும், பின்னால் இரண்டொரு குமிழியும் மட்டுமே இருக்கும். அந்த வளையத்தின் மேலேயே லூரை வீசுவதுதான் புதியவர் செய்யும் பெரும்பிழை. தலையில் கல் விழுந்தால் எந்த உயிரும் ஓடத்தான் செய்யும். வளையத்தைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி விழச் செய்து, அலை அடங்கும்வரை காத்திருந்து, அதன் வழியில் மெல்லக் கொண்டுவர வேண்டும்.

சென்ற ஐப்பசியில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஏரியில் விடியற்காலையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். மதகுக்கு இடப்புறம் ஆகாயத்தாமரைத் திட்டுக்கும் சம்பங்கோரைக்கும் நடுவே, பாய் அகலத்தில் ஒரு திறந்த நீர் இருந்தது. அதற்கு அப்பாலிருந்த இலைமேல் ரப்பர் தவளையை விழவைத்து, நுனியை அசைத்து இலையிலிருந்து நீருக்குள் நழுவவிட்டேன். இரண்டு சிறு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு இழுப்பு. நிறுத்தியிருந்தபோது தவளைக்குப் பின்னால் நீர் ஒரு சாண் உயரம் புடைத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி, காலிக்குடத்தைக் கவிழ்த்து அமுக்கினால் எழும் ஓசையுடன் தவளை காணாமல் போயிற்று. அப்போது நான் வெட்டவில்லை; அதாவது முள் ஏறுவதற்காகக் கம்பைச் சட்டென்று சுண்டவில்லை. கம்பின் நுனியைத் தாழ்த்தி, ‘ஒன்று, இரண்டு’ என்று மனத்துக்குள் எண்ணி, தூண்டில் நரம்பு தானாக நகர்ந்து விறைத்த பிறகுதான் இரு கையாலும் வெட்டி இழுத்தேன். ஒன்றரைக் கிலோ விரால். ஓசை கேட்டவுடனே வெட்டியிருந்தால் வெறுந்தவளைதான் முகத்துக்கு நேரே பறந்து வந்திருக்கும். அந்த இளைஞர் ‘மீன் அடிக்கிறது, மாட்டுவதில்லை’ என்று எழுதியிருந்தது பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணிக்கைக் குறையாகவே இருக்கும்.

மாட்டாமல் போவதற்கு இன்னொரு காரணம் லூரிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் ரப்பர் தவளையின் இரட்டை முள் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். பாசியில் சிக்காமல் வழுக்கிவர அப்படிச் செய்திருக்கிறார்கள். குறடால் இரு முள்முனையையும் ஒரு நெல் கனத்துக்கு மேல்நோக்கித் திருப்பிவிட வேண்டும். பின்னால் தொங்கும் ரப்பர் கால்கள் நீளமாக இருந்தால் மீன் காலை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும், பாதியளவுக்கு வெட்டிவிடலாம். உடல் கெட்டியாக இருந்தால் கொதிக்காத வெந்நீரில் சற்று நேரம் போட்டால் மென்மையாகும். வீசுந்தோறும் உள்ளே தண்ணீர் புகும், பிழிந்துவிட்டு வீச வேண்டும். நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டு ஏழெட்டு நிறம் வாங்க வேண்டாம். கீழிருந்து வானத்தைப் பார்க்கும் மீனுக்குத் தெரிவது நிழலுருவமே; கலங்கல் நீருக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் கறுப்பு ஒன்று, தெளிந்த நீருக்குப் பச்சை ஒன்று போதும். பின்லாந்து மீனவர் லவுரி ரப்பாலா 1936-இல் மரத்தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய பளபளப்புத் தாளை ஒட்டித் தம் முதல் லூரைச் செய்தபோது அவர் பிடித்துக்கொண்ட சூட்சுமம், அடிபட்ட சிறுமீன் தள்ளாடி நீந்துவதையே பெரிய மீன் தேர்ந்து தாக்குகிறது என்பதுதான். அசைவே இரை.

நரம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர் லூருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை. சாதாரணத் தங்கூசி (நைலான்) நரம்பு இழுத்தால் நீளும். ஐந்தடிக்கு ஓரடிக்கு மேலேயே நீளக்கூடியது. கேழ்வரகு மாவு உருண்டை வைத்துத் தக்கை போட்டுக் கெண்டைக்குக் காத்திருக்கும்போது அந்த நீட்சி நல்லது. மீனின் வாய் கிழியாது. எண்பதடி தூரத்தில் பாசித்திட்டின்மேல் விரால் கவ்வும்போது அதே நீட்சி நம் வெட்டை முழுவதும் விழுங்கிவிடும். பாஸின் வாயோரம் மெல்லிய தோல். விராலின் வாய் எலும்பு. முள் ஏற வேண்டுமானால் நீளாத பின்னல் நரம்பு, அதாவது ‘பிரெய்டு’ வேண்டும். 30 முதல் 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டு நம் ஏரிகளுக்குப் போதும். அதன் பருமன் அதைவிட வலுக்குறைந்த தங்கூசி அளவுக்கே இருப்பதால் தூரமும் போகும், பாசித்தண்டையும் அறுத்துக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாதென்று விற்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு நீரில் மூழ்கும் இயல்புடையது. மேல்நீரில் மிதக்கும் தவளைக்கு அதைக் கட்டினால் தவளையின் மூக்கைக் கீழே இழுத்துக் கெடுக்கும்.

பிரெய்டை ரீலில் நேராகச் சுற்றினால் பிடிமானமின்றி மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும். முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை முடிந்து, ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் இடம் விடுவது அவசியம். வீசியபின் ரீலின் கம்பி வளையத்தைக் கைப்பிடி சுற்றி மூடாமல் விரலால் மூடுகிறவருக்குச் சிக்கல் பாதியாகக் குறையும். முடிச்சுக்குப் பாலோமர் போதும்: நரம்பை இரட்டையாக மடித்து லூரின் வளையத்தில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சிட்டு, அந்த மடிப்புக்குள் லூரையே நுழைத்தெடுத்து, எச்சில் தொட்டு நனைத்த பிறகு இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டிலேயே நரம்பு வலுவிழக்கும். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கை நரம்பின் வலுவில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 30 பவுண்டுக்கு அது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. பை எடை பார்க்கும் சிறு தராசில் கட்டி இழுத்தால் தெரிந்துவிடும்.

இந்த நரம்பு விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட ஒரு நட்டத்தை இன்றும் மறக்க முடியவில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன், கடை வாசலில் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்த தங்கூசிச் சுருளை விலை குறைவென்று வாங்கினேன். வெயிலில் காய்ந்த நைலான் வலுவிழக்கும் என்று தெரிந்தும் வாங்கியது என் தவறு. கிருஷ்ணகிரி அணையின் பின்நீரில், கைக்கு எட்டும் தூரம்வரை வந்த பெரிய விராலுடன் நரம்பு அறுந்தது. முள் அதன் தொண்டையிலேயே தங்கிவிட்டது. மீன் போனது எனக்குப் பெரிதில்லை. அந்த முள்ளோடு அது என்னபாடு பட்டிருக்கும் என்பதுதான் பல நாள் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் முதல் ஆறடியை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிகிறேன்.

புதுவெள்ளம் வந்து நீர் செம்மண்ணாகக் கலங்கியிருக்கும்போதும், நிரம்பிக் கோடி போகும் ஏரியின் கால்வாயிலும், தவளையைவிடத் தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் சிறந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் அதிர்வை மீன் தன் உடலோரக் கோட்டால் உணரும். கட்டைகள் நிறைந்த இடத்துக்கு ரப்பர் புழு. முனைக்குண்டு ஈயத்தைக் கோத்து, முள்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிட்டால் சிக்காது. மும்முள் தொங்கும் மீன்வடிவ லூரான கிராங்க்பெய்ட்டைப் பாறைச்சரிவும் திறந்த நீரும் உள்ள இடத்துக்கு மட்டும் எடுத்துச்செல்லுங்கள்.

காணொளியில் அமெரிக்கர்கள் பாஸின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்குவதைப் பார்த்து விராலிடம் அப்படிச் செய்துவிட வேண்டாம். பாஸுக்கு உப்புத்தாள் போன்ற சொரசொரப்புதான். விராலுக்குக் கூரிய பற்கள் உண்டு. ஈரக்கையால் தலைக்குப் பின்புறம் அழுத்திப் பிடித்து, நீளமூக்குக் குறடால் முள்ளை எடுக்க வேண்டும்.

உயிர்த் தவளைக்கே திரும்பிவிடலாம் என்று அந்த இளைஞர் எழுதியதை நான் மன்றாடி மறுக்கிறேன். தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் நிறுத்தியதற்குக் காரணமே, வயல்களில் தவளை அருகினால் பூச்சி பெருகும் என்ற அச்சம்தான். நெல்லும் ராகியும் விளையும் மாவட்டத்தில், முதுகில் முள் கோத்த தவளையைத் துடிக்கத் துடிக்க நீரில் இழுப்பது எதற்கு? அதே வேலையை ரப்பர் செய்கிறது.

பாஸ் குஞ்சுகளையே வரவழைத்து நம் அணைகளில் விட்டால் என்ன என்றும் அவர் கேட்டிருந்தார். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் அப்படி விட்டார்கள். அது பரவி உள்நாட்டு மீன்களைத் தின்று தீர்த்ததால், 2005-இல் அதை வளர்ப்பதையும் கொண்டுசெல்வதையும் சட்டம் போட்டுத் தடுக்க நேர்ந்தது. அப்படி வெளியிலிருந்து வந்து பரவிய ஆப்பிரிக்கக் கெளுத்தியால் நாம் படுவது போதும். அவர்களுடைய லூரை எடுத்துக்கொள்வோம், மீனை வேண்டாம்.

கடைசியாக, விரால் குஞ்சுகள். மழைக்காலத்தில் நீரின் மேல் செந்நிறத்தில் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தெரிவது விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின்மேல் எதை வீசினாலும், பசிக்காக அன்றி, பிள்ளைகளைக் காக்கப் பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் ஒரே நாளில் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாகிவிடும். பாஸ் கூடு காக்கும் பருவத்தில் அதைப் பிடிக்கக் கூடாதென்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் சட்டமே இருக்கிறது. இங்கே நமக்கு நாமே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அணைகளிலும் பல ஏரிகளிலும் மீன்பாசி (மீன்பிடி) உரிமை குத்தகையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இருப்பதால் முன்னதாக அனுமதி கேட்டுக்கொள்வதும், ஒகேனக்கல் பக்கம் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூண்டிலோடு நுழையாதிருப்பதும் அவசியம்.

மீன்வளத் துறையினர் பாரூர் ஏரி, கிருஷ்ணகிரி அணை, பாம்பாறு, வாணியாறு ஆகிய இடங்களின் கரைகளில் குஞ்சுக் கூட்டத்தின் படம் போட்ட ஒரு பலகையும், அறுந்த நரம்பைப் போடுவதற்கு மூடியுள்ள ஒரு தொட்டியும் வைக்கத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன். தை மாதம் மதகடியில் காலில் தங்கூசி சுற்றிய நீர்க்காகம் ஒன்றை என் கையாலேயே அறுத்து விடுவித்தேன். அன்று என் பையில் கத்தரி இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.