2014-இல் வரைபடக் கோட்டை உடையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர் ஊர் ஊராகப் போனதைச் சொன்ன அளவுக்கு அவர் விவசாயிகளின் தற்கொலைக் கணக்கைப் பார்த்த விதத்தைச் சொல்லவில்லை. 1993-இல் நல்கை (உதவித்தொகை) பெற்று ராமநாதபுரம், புதுக்கோட்டை, காளஹண்டி, பலாமு என்று வறிய மாவட்டங்களில் அலைந்ததும், 2007-இல் மகசேசே விருது வாங்கியதும் பலருக்குத் தெரியும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தற்கொலை அட்டவணைகளை ஆண்டுதோறும் வரிவரியாகப் படித்து எழுதினாரே, அதைத்தான் நான் பெரிய வேலை என்பேன். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் கே. நாகராஜின் ஆய்வு அதற்குத் துணை நின்றது. 1995 முதல் 2011 வரை 2,70,940 விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற எண் அந்த அட்டவணைகளைக் கூட்டி வந்தது.

அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். இறந்தவரின் தொழில் என்ன என்று காவல் நிலையத்தில் எழுதுவதிலிருந்தே கணக்கு தொடங்குகிறது. பட்டா இருந்தால் விவசாயி. வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவரிடம் காட்டக் காகிதம் கிடையாது. காலமெல்லாம் வயலில் நின்ற பெண்ணுக்கோ நிலம் கணவர் பேரில் இருக்கும். அவர் 'இல்லத்தரசி' வரிசைக்குப் போய்விடுவார். மாநிலங்களும் தம் பங்குக்கு விளையாடும். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் காட்டிவந்த சத்தீஸ்கர், 2011-இல் பூஜ்யம் என்று அனுப்பியது!

தற்கொலை விகிதம் காண எதனால் வகுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாகுபடியை முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள் 1991-இல் சுமார் 11 கோடி, 2011-இல் 9.58 கோடி. தற்கொலை எண்ணிக்கை அதே அளவில் நின்றாலும் விகிதம் ஏறியிருக்கிறது என்றே பொருள். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் இது கண்ணிலேயே படாது.

இனி, தங்கள் கட்டுரையுடன் வந்த வரைபடம். விவசாயிகள் தற்கொலை 2013-க்கு 11,772, 2014-க்கு 5,650 என்று ஒரே கோட்டில் இணைத்திருக்கிறீர்கள். பார்ப்பவர்கள் தற்கொலை பாதியாகக் குறைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். 2014-இல் காப்பகம் வகைப்பாட்டையே மாற்றிவிட்டது: விவசாயத் தொழிலாளர்களைத் தனி வரிசையாகப் பிரித்தது. அந்த வரிசையில் 6,710 பேர். இரண்டையும் கூட்டினால் 12,360. போதாததற்கு, சில மாநிலங்களில் விவசாயி வரிசை இறங்கிய அதே ஆண்டில் 'இதரர்' வரிசை வீங்கியது. இதை 2015-லேயே சாய்நாத் எழுதிவிட்டார். அவரைப் பாராட்டும் பக்கத்திலேயே இப்படி ஒரு படம் வந்திருப்பதுதான் வேடிக்கை.

திருத்தம் வெளியிடுவதானால் 2014-இல் கோட்டை உடைத்து, அதன்பின் விவசாயி, விவசாயத் தொழிலாளர் என இரு கோடுகளும் கூட்டுத்தொகைக்கு ஒரு கோடும் வரையுங்கள். வகைப்பாடு மாறியதை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். பூஜ்யம் காட்டிய மாநிலங்களின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தில் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்